சூடு பார்க்கிற கை

எங்கள் அக்கா வீட்டில் காலைச் சட்னி அரைபட்டு முடிவதற்குள் அவளை வேலைக்கு ஏற்றிப்போகிற மில் வேன் வந்துவிடும். தேங்காயைப் போட்டு ஒரு சுற்று விட்டதுமே மாமா அடுப்படிக்கு வந்து நிற்பார். மிக்ஸியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்போமே, அதே கை, அதே முகம்.

“ஏம்புள்ள, கொஞ்சம் ஆற உட்டு அரையேன். சுடுது பாரு.”

“வேன் வந்துரும்ங்க.”

“வேன் வந்தா ரெண்டு ஆரன் அடிப்பான். மோட்டார் போச்சுன்னா என்ன பண்ணுவ?”

அக்கா ஜார் மூடியில் கையை வைத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மிக்ஸி ஆறுவதற்கும் வேன் வருவதற்கும் சரியாக இருக்கும். பாதி அரைபட்டதை அப்படியே வழித்து டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடுவாள். பல்லில் நறநறக்கும் அந்தச் சட்னியைத்தான் நானும் காலேஜுக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவார். திட்டினால் கூடப் பரவாயில்லை, அவர் பேசாமல் இருப்பதுதான் எனக்கு ஆகாது. அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா. அது போதும்.

மாமாவுக்குப் பழநிக்குப் பக்கத்தில் கீரனூர். நாங்கள் ரெட்டியார்சத்திரம். தூரம் என்று பார்த்தால் பெரிய தூரமில்லை, ஆனால் பேச்சு வேறு. எங்கள் பக்கத்தில் வாய் வெடுக்கென்று இருக்கும். அவர் எதைச் சொன்னாலும் இழுத்து, மெதுவாக, தடவிக்கொடுக்கிற மாதிரி சொல்வார். “மாப்பிள்ளைக்குக் கோவமே வராது போலத்தா” என்று கல்யாணமான புதிதில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் காலேஜில் சேர்ந்தபோது, தினம் பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று திண்டுக்கல்லில் அக்கா வீட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். அதனால்தான் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கும்படி ஆயிற்று.

மாமா வீட்டிலேயே வீடியோ எடிட்டிங் செய்துவந்தார். ஊரில் நடக்கிற கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றையும் யாரோ படம் எடுத்து ஸ்டுடியோவில் கொடுப்பார்கள். ஸ்டுடியோக்காரர் அதை ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு மாமாவிடம் கொடுத்தனுப்புவார். மாமா வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். பொண்ணு மாப்பிள்ளை கண்ணீர் விடுகிற இடத்தை மெதுவாக ஓடவிடுவதில் அவருக்குக் கைராசி என்று பேர்.

இதற்கெல்லாம் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிள்ளைகள் காசு கொடுத்து கேம் விளையாடுகிற கடை ஒன்று இருந்தது. அது மூடியபோது அங்கிருந்து வாங்கி வந்தது. கேமிங் கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். புதிதாக இருந்த காலத்திலேயே அது சிக்கனக்காரர்களுக்காகச் செய்ததுதான். முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியும், பக்கத்தில் பாதி கிழிந்த புலி ஸ்டிக்கர். அது வந்த அன்றைக்கு மாமா செய்த முதல் வேலை, ஜன்னலோரம் இருந்த கட்டிலை இழுத்து மூலையில் போட்டதுதான். வீட்டிலேயே காற்று வருகிற ஒரே ஜன்னல் அது. ஜன்னல் கம்ப்யூட்டருக்கு, மூலை அக்காவுக்கு.

பழைய கடைக்காரர் விட்டுவைத்த கார் பந்தய விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. மாமா எப்போதாவது விளையாடுவார். கடைசியாகத்தான் வருவார். மற்ற கார்களெல்லாம் பறந்து போயிருக்கும், மாமா மட்டும் ஓரமாக, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி போய்க்கொண்டிருப்பார். “மிதிங்க மாமா, மிதிங்க!” என்று நான் பின்னாலிருந்து கத்துவேன்.

“எஞ்சின் எப்படிக் கத்துது கேளு கண்ணு. அதைய எதுக்குப் போட்டு வதைக்கறது?”

“அது பொம்மைக் காரு மாமா!”

“கேக்கறதுக்கு நல்லாவா இருக்குது?”

மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போனால், ரயில்வே மேம்பாலம் வந்ததும் இறக்கிவிட்டுவிடுவார். நான் புத்தகப் பையோடு ஏறி நடக்க வேண்டும். அவர் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு போய் உச்சியில் நிறுத்தி, எஞ்சின் பக்கம் கையை நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டே எனக்காகக் காத்திருப்பார். போகிற பஸ்ஸில் எங்கள் காலேஜ் பிள்ளைகள் இருப்பார்கள். மானம் போகும். ஆனால் உச்சியில் நின்று அவர் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் கோபிக்கவும் தோன்றாது. கெட்ட மனுஷன் என்றால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். ஹார்டு டிஸ்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைத்தபடியே சொன்னார். கீரனூரில் அவர்களுக்கு ஒரு கிணறும் மோட்டாரும் இருந்தன. ஒரு கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இருக்கிறதையாவது எடுத்து வெங்காயத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று அவர் அப்பா மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினாராம். தண்ணீர் வராமல் வெறுமனே ஓடியிருக்கிறது.

“சத்தம் மாறுச்சு கண்ணு. எனக்கு நல்லாக் கேட்டுது. அப்பன்கிட்டச் சொல்லப் பயம். சும்மா படுத்திருந்தேன். மோட்டாருக்குள்ள காயில் கம்பி கருகிப்போச்சு.”

வெங்காயம் காய்ந்தது. அப்பா அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். மாமா அதையெல்லாம் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார். மோட்டாரைப் பற்றி மட்டும், செத்துப்போன ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“மனுசனுக்கு வாய் இருக்குது, வலிச்சாச் சொல்லுவான். இதுக எங்க போயிச் சொல்லும்? நாமதான் காதக் குடுத்துக் கேக்கோணும்.”

அவருக்குக் காது அப்படி. பக்கத்து வீட்டு கிரைண்டர் கல் தேய்ந்துவிட்டதை இங்கிருந்தே சொல்வார். மில் வேன் தெருமுனையில் திரும்பும்போதே, “பிரேக் கட்டை போச்சு, அந்த டிரைவர்கிட்டச் சொல்லு” என்பார். அக்காவும் சொல்வாள். டிரைவர் ஆச்சரியப்பட்டுப் போய் மாற்றுவான்.

அக்கா வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். நூல் சுற்றுகிற மெஷின்கள் வரிசையாக நிற்கும். எங்கே நூல் அறுகிறதோ அங்கே ஓடிப்போய் ஒட்டிவிட வேண்டும். ஷிப்ட் முடிகிறவரைக்கும் நடைதான். வீட்டுக்கு வரும்போது தலை, புருவம், சேலை மடிப்பு எல்லாம் பஞ்சு. “என்னடி, போகையில கறுப்பா இருந்துச்சு, வரையில நரைச்சுப்போச்சு!” என்று தெருப் பெண்கள் கேலி செய்வார்கள். அக்காவும் சிரிப்பாள்.

அந்தப் பஞ்சுக்கு மாமா ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். அக்கா வாசலிலேயே நின்று தலையைத் தட்ட வேண்டும், சேலையை உதற வேண்டும். நேராகப் பின்பக்கம் போய்க் குளித்து வேறு சேலை கட்டிய பிறகுதான் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் வரலாம். பஞ்சு ஃபேனுக்குள் போய் அடைந்தால் சூடு ஏறிவிடும். அதட்டி எல்லாம் சொல்லமாட்டார். வேன் சத்தம் கேட்டதுமே எழுந்துபோய் அவளுக்கு வெந்நீர் போட்டு, பக்கெட்டில் கலந்து, துண்டும் மாற்றுச் சேலையும் எடுத்து வைத்திருப்பார். எந்தப் புருஷன் செய்வான் இதை? தெருவில் மற்ற பெண்கள் அக்காவைப் பார்த்து ஏங்கினார்கள். அக்காவுக்கும் அந்த வெந்நீரில் அலுப்பெல்லாம் போய்விடும். அது யாருக்காகப் போட்ட வெந்நீர் என்று அவள் கணக்குப் பார்த்ததில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னாள்:

“மில்லுல மெஷினுக்கெல்லாம் ஸ்பீடு ஏத்திவிட்டுட்டாங்கங்க. நூலு சும்மா அத்துக்கிட்டே இருக்கு. ஒரு பக்கம் ஒட்டிட்டுத் திரும்புறதுக்குள்ள அந்தப் பக்கம் அத்துருது.”

மாமா கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. “அடடா. பேரிங் என்னத்துக்கு ஆகும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். “பேரிங்குதான் பாவமா? எனக்கு இல்லையா?”

“நீ முடியலைன்னாச் சொல்லுவ. அது சொல்லுமா?” என்று மாமாவும் சிரித்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அது ஒரு நல்ல வேடிக்கை.

கார்த்திகை முடிகிற சமயம் ஸ்டுடியோக்காரர் வீட்டுக்கு வந்தார். எப்போதும் ஆள் விடுகிறவர், அன்று தானே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இப்ப வர்ற பார்ட்டி எல்லாம் ஃபோர்கேயில கேக்குறாங்கய்யா, படம் நாலு மடங்கு துல்லியம், நாலு மடங்கு கனம். முன்ன மாதிரி மாசக்கணக்குலயும் காத்திருக்க மாட்டேங்கிறாங்க. தை முகூர்த்தம் பூராம் உனக்கே தர்றேன். தாலி கட்டுன வாரத்துலயே கைக்கு வரணும். இது அமைஞ்சா வருஷம் பூராம் வேலை உனக்குத்தான். ஆனா உன் சிஸ்டம் இழுக்குமா? அதைச் சொல்லு.”

“பாக்கறனுங்க” என்றார் மாமா.

“பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. புதுசு வாங்கு. இல்ல, இதையே ஸ்பீடு ஏத்திப் பாரு. பொங்கலுக்குள்ள சொல்லிரு.”

அவர் போனதும் மாமா அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இது மட்டும் அமைஞ்சுதுன்னா நீ மில்லுக்குப் போக வேண்டாம் புள்ள.” அக்கா அடுப்படிக்குள் போனாள். செத்த நேரத்தில் கேசரி வாசனை வந்தது. வாரநாளில் எங்கள் வீட்டில் கேசரி கிண்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

புதிது வாங்குகிற வசதி இல்லை. ஆக, இருப்பதையே முடுக்க வேண்டும். கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கிற சில்லுக்கு, இந்த வேகத்தில் ஓடு என்று ஓர் அளவு வைத்துத்தான் கம்பெனி அனுப்புகிறது. சில வகைகளில் அந்த அளவை நாமே கூட்டிக்கொள்ளலாம். ஓவர்கிளாக் என்பார்கள். செலவில்லை. ஆனால் சூடு ஏறும், கரண்ட் அதிகமாக இழுக்கும், பாதியில் நின்றுபோகலாம், ஆயுளும் குறையலாம். எங்களுடையது கூட்டிக்கொள்ளக் கூடிய வகை. நான் போனில் ஒன்றுவிடாமல் பார்த்து, எந்த அளவு வரைக்கும் போகலாம் என்று அவருக்குச் சொன்னேன்.

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“சரிதான் கண்ணு. ஆனா இதுக்கு இருக்கறது கூட வந்த சின்ன ஃபேன். பவர் சப்ளை சாதா டப்பா. போர்டும் வயசானது. ஏத்துனா என்ன கெடைக்கும்? விடிஞ்சு முடியற வேலை விடியக்காலமே முடியும், அவ்வளவுதான். நடுவால போர்டு போச்சுன்னா? இருக்கற வேலையும் போச்சு, கல்யாண வூட்டுக்காரங்க வீடியோவும் போச்சு.”

அவர் சொன்னதில் தப்பு என்று எதையும் காட்ட முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல். கடைசியில் அவர் சேர்த்துக்கொள்கிற ஒரு வரியில்தான் குட்டு வெளிப்படும்: “வயசான காலத்துல அதையப் போயி ஓடு ஓடுன்னு முடுக்கறது பாவம்.”

தினமும் ஒரு கூத்து நடக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும் வருகிற நீலத் திரைக்குள் போவார். வேக அளவு இருக்கிற வரிக்கு மெதுவாக இறங்கி வருவார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டால் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி உட்கார்ந்திருப்பார். பிறகு எதையும் தொடாமல் வெளியே வந்துவிடுவார். மார்கழி பிறந்துவிட்டது. அக்கா டபுள் ஷிப்ட் பார்க்க ஆரம்பித்திருந்தாள். மில்லில் ஆள் குறைச்சல். வந்ததும் குளித்துவிட்டு மூலையில் சுருண்டுகொள்வாள். இருமிக்கொண்டே தூங்குவாள். பனி என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா ஊரிலிருந்து தூதுவளை கொடுத்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை.

“மாமா, இதுக்குக் கம்பெனிக்காரன் அளவு வச்சு அனுப்பிருக்கான். சரி. எங்க அக்காவுக்கு எவன் அளவு வச்சான்?”

அவர் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தார். “அவ முடியலைன்னு உன்கிட்டச் சொன்னாளா கண்ணு?”

“சொல்லல.”

“சொன்னா அன்னைக்கே நிப்பாட்டிருவேன். சொல்லட்டும்.”

மறுநாள், நான் பேசிய பேச்சுக்காகவோ என்னவோ, ஒரே ஒரு படி ஏற்றிப் பார்த்தார். சூடு காட்டுகிற எண் திரையில் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பானது. ஃபேன் அலறியது. மாமா பதறிப்போய்ப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டு, பெட்டியின் மேல் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார். “பயந்துட்டியா” என்று கேட்டார். என்னையில்லை, அதை.

“சும்மா இருக்கறப்பவே சூடு அதிகமாத்தான் இருக்குது கண்ணு. சத்தமும் முன்ன மாதிரி இல்ல. ஏதோ அடைச்சிருக்குது. ஞாயித்துக்கெழமை பிரிச்சுப் பாத்துட்டு, அதுக்கப்பறம் முடிவு பண்ணிக்கலாம்.”

அந்த ஞாயிறு அக்காவுக்கு லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமா பேப்பரை விரித்து, கம்ப்யூட்டரைப் படுக்கவைத்துத் திருகாணிகளைக் கழற்றினார். நான் பிரஷ்ஷும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா அந்தச் சின்ன ஃபேனைக் கழற்றினார். அதற்கடியில், சூட்டை வெளியே கடத்துவதற்காக மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக நிற்கும். தகடே தெரியவில்லை. சாம்பல் வெள்ளையாக ஏதோ விரித்திருந்தது. மாமா இடுக்கியால் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கிழியாமல், துண்டு துணி மாதிரி, முழுசாகக் கையோடு வந்தது. பஞ்சு. அகல்விளக்குக்குத் திரி போடலாம், அவ்வளவு கெட்டி.

“ஆயுத பூஜைக்குத்தான கழுவித் தொடச்ச மாதிரி சுத்தம் பண்ணுனேன்? அதுக்குள்ள இத்தனையா?”

அவர் யாரையும் கேட்கவில்லை. ஆனால் அக்காவுக்குக் கேட்டுவிட்டது. ஈரக் கையோடு ஓடிவந்து அறைக்கு வெளியிலேயே நின்றாள்.

“நான் வெளியவே நல்லாத் தட்டிட்டுத்தாங்க வாரேன். ஸ்பீடு ஏத்துனதுலருந்து ஜாஸ்தியாப் பறக்குது. தலைக்கு ரெண்டு தடவை தண்ணி ஊத்துறேன், போகமாட்டேங்குது. இனிமே அந்தச் சேலையை வீட்டுக்குள்ளயே கொண்டு வரல, வெளியவே கொடியில...”

சொல்லி முடிக்கவில்லை. இருமல் வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

மாமா உள்ளங்கையில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் நிற்கிறவரைக்கும் அதையே பார்த்தார்.

“தலையத் தட்டற. குளிக்கற. சேலை மாத்தற.”

“ஆமாங்க.”

“அதுக்கும் மேல ஒட்டிக்கிட்டு வந்ததா இது?”

அக்காவுக்குப் புரியவில்லை. திட்டு விழப்போகிறது என்று நினைத்து என்னைப் பார்த்தாள்.

“அங்க எப்படி இருக்கும்?” என்றார் மாமா.

“எங்க?”

“மில்லுக்குள்ள.”

“அங்கயா? அங்க மார்கழிப் பனியாட்டம்தான். எதுத்தாப்புல நிக்கிறவ மூஞ்சி சில நேரம் தெரியாது.” அவள் சிரித்தாள். “மூக்குக்குத் துணி கட்டத்தான் சொல்றாங்க. கட்டிக்கிட்டு ஓடுனா மூச்சு முட்டுதுங்க.”

“எப்ப இருந்து இருமற?”

“பனிக்குத்தான்.”

“பனி இப்பத்தான புள்ள வந்துது. எப்ப இருந்து?”

அக்கா கையைச் சேலையில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். “ஆடியிலருந்து இருக்கும்.”

“ஏன் சொல்லல?”

அவள் சொன்ன பதில் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். “சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும்னு நினைச்சேன்.”

மாமா எழுந்தார். மடியில் இருந்த திருகாணிகள் தரையில் சிதறின. ஒரு திருகாணி உருண்டால் உயிர் போன மாதிரி தேடுகிறவர், திரும்பிப் பார்க்கவில்லை. போய் அக்காவின் முதுகில் கையை வைத்தார். அடுத்த இருமல் வந்தபோது அந்தக் கையும் சேர்ந்து ஆடியது. எடுக்கவேயில்லை. அக்கா கூச்சத்தில் நெளிந்து, என்னைக் காட்டி, “பாப்பா இருக்கா, விடுங்க” என்றாள்.

அன்றைக்கே அவர் கம்ப்யூட்டரை மாட்டினார். நீலத் திரைக்குள் போனார். நான் சொன்ன அளவு வரைக்கும் ஏற்றினார். அதற்கு மேலேயும் ஒரு படி ஏற்றினார். “மாமா, அது வேண்டாம், அதிகம்” என்று நானே பயந்து சொன்னேன். காதில் வாங்கவில்லை. சூடு காட்டுகிற எண்ணைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டார்.

பஞ்சை எடுத்ததில் இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். பஞ்சு அடைத்துச் சூடு தாங்காமல், அந்தச் சில்லு அத்தனை நாளும் தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறது. அதற்கு அப்படி ஒரு வசதி வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

மறுநாள் வேன் ஆரன் அடித்தபோது மாமா தெருவுக்குப் போய், “இனி வரமாட்டா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப் பார்த்தார். பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுத்திருக்கிறது, இனி மில் பக்கமே போகக் கூடாது, இதோடு நிறுத்தினால் மேலே கெடாது, ஆனால் போனது போனதுதான் என்றார். மாமா எக்ஸ்ரேயை வாங்கி, எங்கே அடைத்திருக்கிறது என்று காட்டச் சொன்னார். “அப்படிக் காட்ட முடியாதுய்யா, அது அடைப்பு இல்ல, எடுத்துப் போடுறதுக்கு” என்றார் டாக்டர். மாமா அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தை முகூர்த்தங்களை எல்லாம் சொன்னபடி முடித்துக் கொடுத்தார். ஃபேன் பகலெல்லாம் கத்தியது. ஒருநாள்கூட அதன் மேல் அவர் கை வைத்து நான் பார்க்கவில்லை. கட்டில் ஜன்னலோரம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் மூலைக்குப் போயிற்று.

நான் படிப்பை முடித்த வருஷம் இருவரும் கீரனூருக்கே போய்விட்டார்கள். அங்கே காற்று நன்றாக இருக்கிறது. மாமா பழநியில் ஒரு ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போகிறார். போகும்போது கம்ப்யூட்டரை என்னிடம் விட்டுவிட்டார். “எனக்கு வேண்டாம் கண்ணு, நீயே வச்சுக்க” என்றார். வயர்களைச் சுருட்டிக் கட்டித் தரக்கூட இல்லை. நான் இதில்தான் கடைகளுக்கு ஜிஎஸ்டி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். இதை எழுதுவதும் இதில்தான்.

அக்காவுக்கு வாசல் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மாமா அவளை ஒரு குடம் தூக்க விடுவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மூச்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும், “செத்த நேரம் பேசாம இரு” என்கிறாராம். அவர் வாயில் எங்கள் ஊர் வெடுக்குப் பேச்சு வந்துவிட்டது. தூங்கும்போது மூக்கருகில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாராம். “மனுஷி மாதிரியா நடத்துறாரு? மெஷின் மாதிரி பாத்துக்கிறாருடி” என்று அக்கா அலுத்துக்கொள்கிறாள். சட்னியை அவரேதான் அரைக்கிறார். நடுவில் நிறுத்துவதே இல்லையாம். ஒரு மிக்ஸி புகைந்து போய்விட்டது. சட்னி வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்கிறாள்.

எனக்கு அவர் மீது கோபம் இன்னும் இருக்கிறது. அவர் குரலைக் கேட்டால் அழுகையும் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று கரைத்துக்கொள்ளும் என்று பார்த்தால், அப்படி நடக்கவில்லை.

போன வாரம் அக்காவோடு பேசிவிட்டு மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன். முன்பெல்லாம் வெளியே போயிருக்கும்போது எங்கிருந்து பேசினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “சிஸ்டம் சூடு எப்படி இருக்குது?” என்பதுதான். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அதைக் கேட்டதே இல்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று நானாகச் சொன்னேன்.

“மாமா, நீங்க ஏத்திவிட்ட ஸ்பீடுலதான் இன்னும் ஓடுது. ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு.”

அந்தப் பக்கம் அக்கா இருமுவது கேட்டது. மாமா அது நிற்கிறவரைக்கும் பேசவில்லை.

“நல்லாத்தான் இருக்கும் கண்ணு. அதையப் பாத்துக்கறதுக்கு நான் இருந்தனே.”